காட்டுச் சேவலின் கழுத்தும் பாட்டில் தக்கையும்

நம் பக்கத்து மலையடிவாரங்களில் விடியற்காலையில் நடந்தவர்கள் காட்டுச் சேவலின் குரலைக் கேட்டிருப்பீர்கள். ஊர்ச் சேவலைப் போல நீட்டி முழங்காது. தொண்டை கட்டியவர் யாரையோ அதட்டுவது மாதிரி விட்டு விட்டு வரும். குரல்தான் கேட்கும், ஆள் அகப்படாது. அகப்பட்டால் முதலில் கழுத்தைப் பாருங்கள். ஒவ்வொரு தூவியின் நுனியிலும் உருகிய மெழுகு ஒரு சொட்டு விழுந்து உறைந்தது போல வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டு இருக்கும். அது வெறும் நிறம் அல்ல. தூவியின் நடுத்தண்டே அந்த இடத்தில் அகன்று, தட்டையாகி, நகம் போலக் கெட்டித்திருக்கும். உலகத்தில் நான்கு வகைக் காட்டுக்கோழிகள் உண்டு. இப்படிக் கழுத்து உள்ளது இந்தியத் தீபகற்பத்தின் சாம்பல் காட்டுக்கோழி ஒன்றுக்குத்தான். புதுச்சேரியில் பணிபுரிந்த சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையாளரின் பெயரை அதன் விஞ்ஞானப் பெயரில் சேர்த்திருக்கிறார்கள்.

வனத்துறையில் நான் இருந்த காலத்தில் காட்டுக்கோழிக்குக் கண்ணி வைப்பவர்களைப் பிடிப்பது வாடிக்கையான வேலை. அவர்களுக்கு வேண்டியது கறி. கழுத்துத் தூவி அடுப்படிச் சாம்பலோடு போகும். அதே தூவிக்காக ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு பெரிய வியாபாரமே நடந்தது என்பதும், அது போய்ச் சேர்ந்த இடம் ஒரு தூண்டில் முள் என்பதும் ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் தெரிந்த சங்கதி.

நம் ஊரில் தூண்டில் என்றால் முள்ளில் மண்புழு, மேலே தக்கை, கீழே ஈயக்குண்டு. மேல்நாட்டில் இன்னொரு முறை இருக்கிறது. முள்ளின் மேல் நூலும் ரோமமும் இறகும் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சி போலச் செய்து, அதைக் காட்டி மீனை ஏமாற்றுவது. ஆங்கிலத்தில் அதற்கு ஈ என்றே பெயர். நாம் பொய் ஈ என்று வைத்துக்கொள்வோம். அதற்கு எடையே கிடையாது. கையால் வீசினால் காலடியில் விழும். ஆகவே நரம்பையே கனமாகச் செய்து, மாட்டுக்காரர் சாட்டையைச் சொடுக்குவது போலக் காற்றில் முன்னும் பின்னும் விரித்து அனுப்புவார்கள். நரம்பு போகிற வழியில் ஈயும் போகும்.

இது பழைய வித்தை. கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானியர், மாசிடோனியாவின் ஓர் ஆற்றில் மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடைப் பக்கத்துத் தூவி இரண்டைக் கட்டி மீன் பிடிப்பதை எழுதி வைத்திருக்கிறார். பொய் ஈயைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஆரம்பகாலக் குறிப்பிலேயே சேவல் வந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலில் பன்னிரண்டு ஈக்களுக்குச் செய்முறை உண்டு. அவற்றுக்கு வேண்டியவை கம்பளி, வாத்து இறகு, சேவல் தூவி, மயில் இறகின் இழை. மயிலைத் தவிர எல்லாம் கொல்லைப்புறத்துச் சாமான்கள்தான். மயிலும் இறகை ஆண்டுக்கொரு முறை தானே உதிர்த்துவிடும்.

விக்டோரியா மகாராணி காலத்தில்தான் விஷயம் கைமீறியது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆறுகளில் சால்மன் மீன் பிடிப்பது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கானது. கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குள் வரும் சால்மன் பெரும்பாலும் இரையே எடுப்பதில்லை. ஈயைக் கண்டதும் ஏன் வாயைத் திறக்கிறது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம். இன்ன பூச்சி மாதிரி இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாமல் போனதால், கட்டுகிறவர்களின் கற்பனைக்கும் கட்டு இல்லை. டூக்கான் பறவையின் மார்பு, பொன் வண்ணக் கோழியின் கொண்டை, தீக்கோழியின் இழை, நீலக் கிளியின் வால் என்று ஒரே முள்ளில் பத்துப் பன்னிரண்டு பறவைகள் வந்து உட்கார்ந்தன. அந்தக் காலத்தில் புகழ்பெற்ற ஜாக் ஸ்காட் என்ற ஈயின் செய்முறையைப் படித்தால் மிருகக்காட்சி சாலையின் பதிவேட்டைப் படிப்பது போலிருக்கும். அதில் ‘இந்தியக் காக்கை’ என்று ஒன்று வருகிறது. நம் காக்கைக்கு ஏது சிவப்பு இறகு என்று விழித்தேன். விசாரித்தால் அது தென் அமெரிக்கக் காட்டுப் பறவை. வியாபாரிகள் வைத்த பெயர், அவ்வளவுதான்.

காட்டுச் சேவல் மட்டும் உண்மையாகவே நம்முடையது. ஈயின் இரண்டு பக்கமும் கன்னம் போல ஒவ்வொரு தூவி. அந்த மெழுகுப் பொட்டு தண்ணீருக்குள் ஒரு சிறு மீனின் கண் போலத் தெரியும், நனைந்தாலும் பளபளப்புப் போகாது. 1895-இல் கெல்சன் என்பவர் சால்மன் ஈக்களுக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். அதைப் பார்த்தால், காட்டுச் சேவல் இல்லாமல் கட்டுவது தாலி இல்லாத கல்யாணம் போல என்றுதான் தோன்றும்.

அந்தச் சமயத்தில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளுக்காகப் பறவைகள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டன. தூண்டில்காரர்கள் கேட்டது அதில் சிறு பங்குதான். தொப்பிக்கு எதிராக எழுந்த கூச்சலில் தூண்டிலுக்கும் அடி விழுந்தது. 1902-இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்யத் தடை போட்டது. அமெரிக்கா 1913-இல் சுங்கச் சட்டத்தின் மூலம் காட்டுப் பறவை இறகுகளின் இறக்குமதியை மறித்தது. கப்பலிலிருந்து இறங்கிய சீமாட்டிகளின் தொப்பியிலிருந்து சுங்க அதிகாரிகள் இறகைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். பிரிட்டன் 1921-இல்தான் சட்டம் செய்தது.

இதற்கு நடுவில் நம் நீலகிரியிலும் ஒரு கூத்து. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ட்ரௌட் மீனை இங்கே கொண்டுவர 1860-களிலிருந்தே முயன்றார்கள். கடல் பயணத்தில் முட்டை பிழைக்கவில்லை. கடைசியில் வில்சன் என்ற மீன்வள அதிகாரி 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து அதைச் சாதித்தார். பிறகு நம் ஓடைகளிலும் பொய் ஈ பறந்தது. நம் சோலையில் கூவும் சேவலின் தூவி லண்டனுக்குப் போய், ஈயாக மாறி, பெட்டியில் அடைபட்டு ஊட்டிக்கே திரும்பி வந்திருக்கவும் கூடும்.

இனி அமெரிக்கா. அங்கே நம் ஜிலேபிக் கெண்டைக்கு ஈடாக ஒரு மீன் உண்டு. ப்ளூகில் என்று பெயர். செவுள் ஓரம் நீலம் ஓடும், காது மாதிரி ஒரு கறுப்பு மடல், உள்ளங்கை அகலம். சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சொந்தக்காரர்களில் பூசணி விதை என்ற அழகான பெயருள்ள மீனும், சிவப்புக் காது மீனும், பச்சை சன்ஃபிஷ்ஷும் உண்டு. வாணலியில் முழுசாக அடங்குவதால் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ‘வாணலி மீன்’ என்றும் பெயர். குழந்தை பிடிக்கும் முதல் மீன், ஏழை வீட்டு இரவுச் சாப்பாடு. தென் மாநிலங்களில் நாணல் கழியும் சுவர்க்கோழிப் பூச்சியும் போதும்.

ப்ளூகில்லுக்கு 1819-இல் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் ரஃபினெஸ்க் என்ற விசித்திர மனிதர். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பறவை ஓவியர் ஆடுபான் விளையாட்டாக இல்லாத மீன்களைப் படம் போட்டுக் கொடுக்க, இவர் அவற்றை நம்பித் தம் நூலில் சேர்த்துவிட்டார். துப்பாக்கிக் குண்டு துளைக்காத செதில் உள்ள மீன்கூட அதில் உண்டு. பொய் ஈக்கு மயங்கும் மீனுக்குப் பெயர் வைக்கப் பொருத்தமான ஆள்தான்.

பெரிய மனிதர்கள் இந்த மீனைச் சீந்தவில்லை. மேரி ஆர்விஸ் மார்பரி என்ற அம்மையார் வெர்மாண்ட் மாநிலத்தில் தம் தந்தையின் கடையில் பெண்களை வைத்து ஈ கட்டும் பகுதியை நடத்தியவர். நாடெங்கும் உள்ள தூண்டில்காரர்களுக்குக் கடிதம் எழுதி, எந்த ஊரில் எந்த ஈக்கு மீன் விழுகிறது என்று கேட்டு, பதில்களைத் தொகுத்து 1892-இல் வண்ணப் படங்களுடன் புத்தகமாகப் போட்டார். அருமையான வேலை. அதுவரை ஒரே ஈக்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தது, அந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்தது. ஆனால் அதில் ராஜாக்கள் ட்ரௌட்டும் சால்மனும் பாஸ் மீனும்தான். ப்ளூகில்லுக்கு யார் கடிதம் போடப் போகிறார்கள்?

ப்ளூகில்லின் ஈ வேறு வழியில் பிறந்தது. 1770-களில் ஃப்ளோரிடாவில் சுற்றிய பார்ட்ரம் என்ற தாவரவியலாளர், மான் வாலின் வெள்ளை ரோமத்தையும் சிவப்புத் துணிக் கிழிசலையும் பல நிற இறகையும் மூன்று முள்ளில் சுற்றி, கழியில் கட்டித் தண்ணீரை உரசினாற்போல ஆட்டிப் பாஸ் மீன் பிடிப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார். கிடைத்ததைக் கட்டுவது என்ற வழக்கத்தின் தொடக்கம் அது. அதே வழியில் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் டென்னசியின் சட்டனூகாவில் பெக்கின்பா என்பவர் ஒரு காரியம் செய்தார். ரோமம் கட்டிய ஈ நனைந்து மூழ்கிவிடுகிறதே என்று ஒரு பாட்டில் தக்கையை முள்ளில் செருகினார். தக்கை மிதந்தது. இழுத்தால் தண்ணீரில் ‘பொளக்’ என்று ஒரு சத்தம். முதலில் பாஸ் மீனுக்காகச் செய்தது, சிறிதாக்கியதும் ப்ளூகில் ஓடி வந்தது. இன்றைக்கும் கடைகளில் கிடைக்கும் ‘பாப்பர்’ வகைக்கு மூதாதை அந்தத் தக்கைதான்.

அப்புறம் ப்ளூகில்லுக்கு நல்ல காலம் பிறந்தது. 1930-களில் அலபாமாவின் ஆபர்ன் கல்லூரியில் ஸ்விங்கிள் என்ற பேராசிரியர் பண்ணைக் குட்டைகளில் மீன் வளர்ப்பதை ஆராய்ந்தார். பாஸ் ஒன்றுக்கு ப்ளூகில் பத்து என்ற மாதிரி கணக்குப் போட்டு விட்டால் ஒன்று பெருகும், ஒன்று தின்று குறைக்கும். குறைப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் குட்டை முழுக்க விரல் நீள மீன்தான் நெளியும். 1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டை நம் குளங்களில் செய்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மண் பாதுகாப்புத் திட்டத்தில் அமெரிக்கா முழுக்க லட்சக்கணக்கில் பண்ணைக் குட்டைகள் வெட்டப்பட்டன. பெரும்பாலானவற்றில் ப்ளூகில் விட்டார்கள். தூண்டில் போட ரயிலேறி ஸ்காட்லாந்து மாதிரி எங்கேயோ போக வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் போனால் போதும் என்றானது.

அப்படி ஒரு குட்டையை நான் பார்த்திருக்கிறேன். 2014-இல் மகள் வீட்டுக்கு இந்தியானா போயிருந்தபோது, அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். எண்பதை நெருங்கியவர். மாலையில் கார் நிறுத்தும் கொட்டகையில் மேஜை போட்டு ஈ கட்டுவார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன்.

சின்ன வைஸ் ஒன்றில் பத்தாம் எண் முள்ளைப் பிடித்துக்கொள்வார். முள்ளின் எண் ஏற ஏற அளவு சிறுக்கும், நம் நூல் கணக்கு மாதிரி. ப்ளூகில்லின் வாய் சட்டைப் பொத்தான் நுழையும் அளவுதான். எட்டாம் எண்ணுக்கு மேல் பெரிதாகப் போனால் கடிக்கும், மாட்டாது என்றார். முள்ளின் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றி, செருப்புக் கடையில் கிடைக்கும் மாதிரியான ரப்பர் நுரைத் துண்டைக் கத்தரித்து வைத்து, இரண்டு இடத்தில் இறுக்குவார். எறும்பின் இடுப்பு மாதிரி வந்துவிடும். அந்த இறுக்கத்தில் மெல்லிய ரப்பர் இழை இரண்டைக் குறுக்கே கட்டினால் நான்கு கால். முடிச்சுப் போட்டு, மனைவியின் நகப்பூச்சில் ஒரு சொட்டு. ஐந்து நிமிடம். உடல் தடித்து முள்ளின் வாயை அடைக்கக் கூடாது என்பது ஒன்றில்தான் அவர் கண்டிப்பு. மீதி எல்லாம் உங்கள் இஷ்டம் என்பார்.

தேர்வு செய்வதற்கும் அவரிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் அளவு. அடுத்து எவ்வளவு மெதுவாக மூழ்குகிறது. நிறம் கடைசி. ஜூன் தொடக்கத்தில் ஆண் மீன்கள் கரையோரம் வாலால் விசிறித் தட்டு மாதிரிப் பள்ளம் பறித்து முட்டையைக் காவல் காக்கும். அப்போது மேலே மிதக்கும் நுரைச் சிலந்தி. வெயில் ஏறி மீன் ஆழத்துக்குப் போனால் கம்பளிப்பூச்சி போலிருக்கும் நூலால் கட்டிய, ரப்பர்க் கால் வைத்த மூழ்கும் சிலந்தி. சிவப்புக் காது மீன் அடியில் நத்தை பொறுக்கும் ஜாதி, மேலே பார்ப்பது அபூர்வம். பச்சை சன்ஃபிஷ்ஷுக்கு வாய் பெரிது, பெரிய ஈயையும் விழுங்கும். ஈ விழுந்ததும் இழுக்காதீர்கள், தண்ணீர் வட்டம் அடங்கட்டும் என்று அவர் எனக்குத் தினமும் சொன்னார். ப்ளூகில் அவசரப்படாது. பக்கத்தில் வந்து ஒரு சாண் தள்ளி நின்று, மளிகைக் கடையில் புளியைப் பார்க்கும் மாமியார் மாதிரி உற்றுப் பார்க்கும். ரப்பர்க் கால் தானாக ஒரு முறை நடுங்கினால் உறிஞ்சிவிடும்.

அவர் அனுபவத்தில் சொன்னதற்கு ஆராய்ச்சியும் உண்டு என்று பிற்பாடு படித்தேன். 1974-இல் வெர்னர், ஹால் என்ற இருவர் ப்ளூகில்லைத் தொட்டியில் விட்டு, மூன்று அளவில் நீர்ப்பூச்சிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரை அரிதாக இருந்தபோது எதிர்ப்பட்டதையெல்லாம் தின்றது. தாராளமாக இருந்தபோது சிறியதை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் தேர்ந்தெடுத்தது. உயிரினங்கள் இரையை எப்படிக் கணக்குப் பார்க்கின்றன என்ற துறையில் இது பேர்பெற்ற சோதனை. மீன் பார்த்தது அளவைத்தான்.

ஒரு நாள் அவர் பரணிலிருந்து தம் தந்தையின் தகரப் பெட்டியை இறக்கினார். தந்தை மிச்சிகன் ஓடைகளில் ட்ரௌட் பிடித்தவராம். பழைய நூல்கண்டு, அந்துருண்டை வாசனை, அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு தோல். பிரித்தால் காட்டுச் சேவலின் கழுத்து. தலைமாட்டிலிருந்து தோள் வரை முழுசாக, ஒரு பக்கம் மட்டும் தூவி பிடுங்கியிருந்தது. பொட்டுகள் அப்படியே மின்னின. அந்தப் பறவையின் பெயரைச் சொல்லவா வேண்டும்? அது எப்படிக் கூவும் என்று செய்து காட்டினேன். சிரித்தார். 1950-களில் தபாலில் வாங்கியது என்றார்.

திருட்டுச் சரக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. தடை போட்ட அதே அமெரிக்கச் சுங்கச் சட்டத்தில் 1950-களின் தொடக்கத்தில் ஒரு சலுகை சேர்த்திருக்கிறார்கள். மீன் பிடிக்கும் செயற்கை ஈ தயாரிப்பதற்கு மட்டும், ஆண்டுக்கு 5,000 சாம்பல் காட்டுக்கோழித் தோல் வரை கொண்டுவரலாம். 1924-இல் மெய்ன் மாநிலத்தில் தொப்பி தைக்கும் தொழில் தெரிந்த கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி தாம் கட்டிய ஈயால் ஏழு பவுண்டுக்குச் சற்றுக் குறைவான ட்ரௌட் பிடித்துப் பேர் வாங்கியிருந்தார். அவருடைய புகழ்பெற்ற ஈயில் கன்னத்துக்குக் காட்டுச் சேவல்தான். அந்த மாதிரி ஈக்களுக்கு ஊரெல்லாம் கிராக்கி. ஒரு தோலுக்கு ஒரு சேவல். ஐயாயிரம் தோல் என்றால் ஐயாயிரம் சேவல். என் சரகத்தில் மொத்தம் எத்தனை சேவல் இருந்திருக்கும் என்று அன்றிரவு மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் அந்தக் கணக்குக்கு நூறு சரகம் வேண்டும். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சீருடையில் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆசை சட்டத்தோடு போய்விடவில்லை. 2009 ஜூன் மாதம் லண்டன் அருகே ட்ரிங்கில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடு போயின. டார்வின் காலத்து வாலஸ் சேகரித்தவையும் அதில் அடக்கம். திருடியவர் இசைக் கல்லூரி மாணவர், சால்மன் ஈ கட்டுவதில் கெட்டிக்காரர். அந்த ஈக்களைத் தண்ணீரில் போடக்கூட மாட்டார்கள். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைக்கத்தான்.

இப்போது காட்டுச் சேவலை மேல்நாட்டிலேயே பண்ணையில் வளர்த்துத் தூவி விற்கிறார்கள். பிளாஸ்டிக்கில் பொட்டு அச்சடித்த போலியும் உண்டு. மீனுக்கு வித்தியாசம் தெரிவதாக யாரும் புகார் சொல்லிக் கேட்கவில்லை.

தபால்காரர் அந்தத் தோலிலிருந்து ஒரு தூவிகூட எடுத்ததில்லையாம். தந்தையுடையது என்பதால் வைத்திருப்பதாகச் சொன்னார். நான் கிளம்பும்போது மாத்திரை டப்பாவில் ஆறு நுரைச் சிலந்திகளைப் போட்டுக் கொடுத்தார். கறுப்பில் இரண்டு, மஞ்சளில் நான்கு. அண்ணன் பேரன் அவற்றில் ஒன்றை மூங்கில் கழியில் கட்டி ஊர்க் குட்டையில் போட்டுப் பார்த்தான். மூன்றாம் நாள் ஒரு ஜிலேபி கவ்வியது. சிலந்திக்கு இரண்டு கால் போயிற்று. கால் கட்ட அதே ரப்பர் இழை எங்கே கிடைக்கும் என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பழைய ஜட்டி எலாஸ்டிக்கைப் பிரித்துப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.